நான்காவது பூச்சு

கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம், ஒன்றும் தோன்றாவிட்டால் காய்ந்துவிட்டது. பல் செட் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பவுல்துரை அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தது இது. வெயிலை நம்பாதே, கடிகாரத்தை நம்பாதே, கன்னத்தை நம்பு குணசீலி என்பார். பிளாஸ்டரில் வார்த்த டிக்கெட் கட்டடப் பொம்மையைப் பலகையிலிருந்து எடுத்து, பெயிண்ட் படாத அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. மறு கன்னத்தில் வைக்கிறேன். அங்கேயும் ஒன்றுமில்லை. வெளியே மூன்றாவது நாளாக மழை. சன்னல் கம்பியெல்லாம் வேர்த்திருக்கிறது, ஜாடியில் உப்பு நீர்விட்டுக் கிடக்கிறது, காலையில் ஏழு தீக்குச்சி வீணாகி எட்டாவதில்தான் அடுப்புப் பற்றியது, இப்படிப்பட்ட காற்றில் இந்த ஒன்று மட்டும் எப்படி இவ்வளவு நன்றாகக் காய்ந்தது என்று அதன்மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மகள் பெனிட்டா கேட்கிறாள், "ஆச்சாம்மா?" நான் கன்னத்திலிருந்து கட்டடத்தை எடுக்காமலே, "இன்னும் ஈரம்ட்டீ, தூசி ஒட்டிரும், கதவத் திறக்காத" என்கிறேன். கிண்ணத்தில் அரக்குப் பாலிஷ் இருக்கிறது, பிரஷ் அதில் ஊறிக்கொண்டிருக்கிறது. நான்காவது பூச்சைப் பூசிவிட்டேன் என்றால் ஈரம் என்று சொன்னது உண்மையாகிவிடும். அப்புறம் பொய் சொன்னதாக ஆகாது. ஆனால் பூசவேண்டும். பூசுவதற்கு முன்னால் மூன்றாவது பூச்சை உப்புத்தாளால் தேய்க்கவேண்டும், தேய்க்காமல் பூசினால் பிடிக்காது, உரிந்துவிடும். தேய்த்தாயிற்று. காலையிலேயே தேய்த்துவிட்டேன். பிறகு ஏன் பிரஷைக் கையில் எடுக்காமல் ஒரு பொம்மைக் கட்டடத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், யாராவது பார்த்தால் பல்வலி என்று நினைப்பார்கள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஆறேகால் வண்டிக்கு அவள் மதுரைக்குப் போகவேண்டும். ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுத்துப் பேசுகிற வேலை, தங்குவதற்கு விடுதி, சனி ஞாயிறு வீட்டுக்கு, மதுரை ஸ்டேஷனில் கூட்டிப்போக அவளோடு படித்த பெண் வந்து நிற்பாள், அங்கே கவலையில்லை. இங்கேதான். வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி, டிக்கெட் கட்டடத்தைத் தாண்டி, முதல் பிளாட்பாரத்தில் இடது பக்கம் நடந்து, மேம்பாலப் படி ஏறி, இறங்கி, இரண்டாவது பிளாட்பாரத்தில் நிற்கவேண்டும். கண் தெரிகிற நானே அங்கே இரண்டு தடவை தடுமாறியிருக்கிறேன். பிறந்ததிலிருந்து வெளிச்சமே பார்க்காத பெண் கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு தனியாகப் போகிறேன் என்கிறாள். "நான் வண்டி ஏத்திவிடுதேன், அவ்வளவுதான், ஏத்திவிட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருவேன்" என்றேன். "ஒரு வாரம் வந்தேன்னா ஒவ்வொரு வாரமும் வருவ. எனக்கு முப்பது வயசுலயும் எங்கைய புடிச்சிக்கிட்டு நிப்ப. கலியாணத்துக்கும் நீயே வந்து நின்னுருவ போல" என்றாள். அவளுடைய அப்பா கேரளாவுக்கு உப்பு லோடு ஏற்றிப் போனவர் போனில், "ஏட்டி சீலி, புள்ள போவட்டும், விடு" என்றார். அவருக்கென்ன, லாரி ஓட்டுகிறவர், வழியில் நிற்கிற எல்லாரும் ஒதுங்கிக்கொள்வார்கள் என்று நம்புகிறவர். கடைசியில் ஒரு ஒப்பந்தம். நான் ஸ்டேஷனை அப்படியே பிளாஸ்டரில் செய்து கொடுக்கவேண்டும், அவள் விரலால் படித்துக்கொள்வாள், வாசலிலிருந்து வண்டிவரை ஒரு தப்பில்லாமல் விரலால் நடந்து காட்டிவிட்டால் நான் வீட்டிலேயே நின்றுவிடவேண்டும். நாளை ராத்திரிக்குள் செய்து முடிக்கவில்லை என்றால் நானும் ஸ்டேஷனுக்குப் போகலாம். இதைச் சொன்னது அவள்தான். என் கைவேலையை அவ்வளவு நம்பினாள். முடிக்காமல் விடமாட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், வரைபடமெல்லாம் போடத் தெரியாது, பதினோரு வருஷம் யார் யாருடைய வாயையோ அச்சு வார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் படிப்பு. ஆனால் ஒரு ஈறு எங்கே மேடு எங்கே பள்ளம் என்று பார்த்த கைக்கு ஸ்டேஷன் எம்மாத்திரம். ஐந்து நாள் போனேன். பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு காலடியால் அளந்தேன், சாணால் அளந்தேன், பெஞ்சிலிருந்து குழாய்க்கு எத்தனை, குழாயிலிருந்து படிக்கு எத்தனை என்று. மூன்றாவது நாள் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர், "என்னம்மா, ஸ்டேஷன விலைக்குக் கேக்கப் போறியளா?" என்றார். "எம் மகளுக்கு சார்" என்றேன். "சீராக் குடுக்கவா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததில் படிக்கணக்கு விட்டுப்போய்விட்டது. மேம்பாலப் படி இருபத்திரண்டா இருபத்திமூன்றா. முதல் நாள் இருபத்திமூன்று வந்தது. இரண்டாம் நாள் இருபத்திரண்டு. மேலே போய் நிற்கிற தளத்தையும் படி என்று எண்ணினேனோ. பொம்மையில் இருபத்திரண்டுதான் செதுக்கியிருக்கிறேன், ஒவ்வொன்றும் மெழுகுக் கத்தியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு. இருபத்திமூன்றாக இருந்தால்? எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் காலைத் தூக்காமல் வைப்பாள், இன்னும் ஒரு படி இருக்கும். இறங்கும்போது என்றால் அதைவிட மோசம். இன்று மத்தியானம் மழை விட்டால் போய் இன்னொரு தடவை எண்ணிவிட்டு வரலாம். வந்து படியை மாற்றவேண்டும் என்றால் உடைத்து மறுபடி வார்க்கவேண்டும், புதிதாக வார்த்தது காய நாலு நாள் ஆகும், அப்புறம் நாளை ராத்திரிக்குள் முடியாது. இந்த இடத்துக்கு வந்ததும் என் மனசு கொஞ்சம் ஆறுதலாக உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்ததை நானே பார்த்துவிடுகிறேன். சீ என்று எழுப்பிவிடுகிறேன்.

"ஆச்சாம்மா?" "இன்னும் இல்லட்டீ." எதற்கு இவ்வளவு பூச்சு என்று யாரும் கேட்டால் சொல்ல என்னிடம் நியாயம் இருக்கிறது. பிளாஸ்டர் தாகம் பிடித்தது. காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடிக்கும், கையில் இருக்கிற வேர்வையைக் குடிக்கும். பூசாமல் விட்டால் பத்துத் தடவை தடவியதும் விரலில் வெள்ளையாக மாவு ஒட்டும், மூலை உதிரும், ஒரு மழைக்காலம் போனால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். உப்பளக் காற்றில் இரும்பே நிற்பதில்லை. அதனால் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து முதலில் தண்ணீராக ஒரு பூச்சு, அது உள்ளே இறங்கும். அடுத்தது கெட்டியாக ஒன்று, அது மேலே நிற்கும். அதன்மேல் பெயிண்ட். அதையும் காக்க மறுபடி அரக்கு. அவசரப்படக் கூடாது, உள்ளே ஈரமிருக்க மேலே மூடினால் அந்த ஈரம் வெளியே வர வழி தெரியாமல் கொப்புளம் கட்டி மொத்தத்தையும் உரித்துக்கொண்டு வந்துவிடும். ஒரு தடவை கடையில் நான் அப்படிச் செய்து ஒரு வாத்தியாரின் மேல்வாய் அச்சு பாழானது, அண்ணாச்சி திட்டவில்லை, அதை எடுத்து சன்னலில் வைத்துவிட்டார், தினமும் பார்க்கட்டும் என்று. ஆகவே முதல் பூச்சுக்கு முன்னால் நான் காத்திருந்தது சரிதான். தெர்மோகோல் பெட்டிக்குள் நாற்பது வாட் பல்பைப் போட்டுக் கட்டடங்களை வைத்தேன், பக்கத்து வீட்டு மேரியக்கா எட்டிப் பார்த்து, "என்ன சீலி, முட்டை பொரிக்க வச்சிருக்கியா?" என்றாள். அதிகம் சூடு காட்டினாலும் பிளாஸ்டர் பொடியாகிவிடும், உள்ளங்கை தாங்குகிற சூடுதான். புதன்கிழமை காய்ந்துவிட்டது. இரண்டு பூச்சும் அன்றைக்கே முடிந்தது. வியாழன் பெயிண்ட். "யாரு பாக்கதுக்கு பெயிண்ட்? நானா?" என்று பெனி கேட்டாள். "நனையாம இருக்கத்தான்" என்றேன். ஆனால் செங்கல் சிவப்பும் பாலேடு நிறமும் கலந்து, பெயர்ப்பலகைக்கு மஞ்சள் அடித்து, அதில் கறுப்பில் ஊர்ப்பேர் எழுதி, இருக்கிறபடியே செய்தேன். இதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்துதான் அரைநாள் எடுத்துக்கொண்டேன். வெள்ளி மூன்றாவது பூச்சு. நேற்றுச் சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் அதுவும் காய்ந்தது. அப்படியென்றால் இந்த ஸ்டேஷன் நேற்றே முடிந்துவிட்டது. இதை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். நேற்றே முடிந்துவிட்டது. நான்காவது பூச்சு பிளாஸ்டருக்கு இல்லை.

ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் உப்புத்தாள். தேய்க்கும்போது விரலை விட்டுப் பார்த்துக்கொண்டேன், எங்கேயாவது கூர்மையாக இருக்கிறதா, அவள் விரலைக் கீறிவிடுமா என்று. டிக்கெட் கட்டடத்தின் மூலையை மழுக்கினேன். பெஞ்சின் முனையை மழுக்கினேன். பிளாட்பாரம் முடிகிற ஓரம் அதிகக் கூர்மையாக இருந்தது, அதைத்தான் ரொம்ப நேரம் தேய்த்தேன், சோப்பு மாதிரி வழவழவென்று வரும்வரை. இது என் கைக்குப் பழக்கம். இந்த வீட்டில் மேசையின் நாலு முனைக்கும் துணி சுற்றியிருக்கிறேன், அவள் நடக்கத் தொடங்கிய வருஷம் சுற்றியது, இருபத்திரண்டு வருஷமாகத் துணியை மாற்றி மாற்றிச் சுற்றுகிறேன். அவள் ஒருநாள்கூட மேசையில் இடித்ததில்லை. துணியினால்தான் என்று நானும், மேசை எங்கே இருக்கிறது என்று தெரிந்ததனால்தான் என்று அவளும் சொல்லிக்கொள்கிறோம். அவள் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட விடுதியில் இருந்த காலத்தில் யார் துணி சுற்றினார்கள். அங்கேயும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்று ஆனது என்னோடு இருந்தபோதுதான். அதை நினைக்கக் கூடாது. பிரஷை எடுக்கலாம். அரக்கு கெட்டியாகிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் ஸ்பிரிட் விடவேண்டும், இந்த ஈரக்காற்றில் பூசினால் பால் ஊற்றியதுபோல் வெள்ளை பூத்துவிடும், பூத்தால் பூக்கட்டும், அதைத் தேய்த்து எடுக்க இன்னும் ஒருநாள். நினைக்கக் கூடாது என்றால் அது வந்து நிற்கும். இரண்டு வருஷம் முன்னால், திருநெல்வேலியில் ஒரு கலியாணத்துக்குப் போக, இதே ஸ்டேஷனில், இதே இரண்டாவது பிளாட்பாரத்தில் நானும் அவளும் நின்றோம். அவள் சரியான இடத்தில்தான் நின்றாள். குச்சியால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து நின்றாள், நான் பார்த்தேன். ஒரு கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு வந்தது. என் கை எனக்குச் சொல்லாமல் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது, என் பையிலேயே அவள் கால் மாட்டியது, பெஞ்சின் இரும்பில் தாடை. நாலு தையல். "பிளாட்பாரத்துல தடுக்கிட்டா" என்று டாக்டரிடம் சொன்னேன். அவளுடைய அப்பா கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். அவர் அவள் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்றார். தையல் போட்டிருந்ததால் வாயை அதிகம் திறக்காமல், "ஆமாப்பா, தடுக்கிட்டேன்" என்றாள். அவளும் நானும் அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. அது உள்ளே ஈரமாகவே இருக்கிறது, மேலே மூடிவிட்டோம். மணிக்கட்டில் என் ஐந்து விரலும் சிவந்து கிடந்தது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதா, வலித்திருக்குமே.

கதவு திறந்தது. தட்டவில்லை, கேட்கவில்லை. "திறக்காதன்னு சொன்னேம்லா" என்று நான் எழுவதற்குள் அவள் வந்து பலகைக்கு எதிரே சம்மணம்போட்டு உட்கார்ந்துவிட்டாள். தலைக்குக் குளித்துவிட்டு வந்திருக்கிறாள், முடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, பலகையில் சொட்டிவிடுமோ என்று என் முந்தானையை நீட்டுகிறேன், மூன்று பூச்சுப் பூசிய பொருளுக்கு இரண்டு சொட்டுத் தண்ணீரால் என்ன ஆகும். "ஸ்பிரிட் வாடை காத்தால இருந்து ஒரே மாதிரி இருக்கு. பூசியிருந்தா தூக்கலா அடிக்கும். நீ கிண்ணத்தத் திறந்து வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்க" என்றாள். அவள் கையை நீட்டி, வாசல் எங்கே என்று தேடி, கண்டுபிடித்து, ஒரு விரலை அங்கே வைத்தாள். "காஞ்சிருக்கே." கோபம் இல்லாமல்தான் சொன்னாள். மழையைச் சொல்லலாம், ஆனால் மழை பாவம். "படி இருவத்திரெண்டா இருவத்திமூணான்னு ஒரு சந்தேகம்ட்டீ" என்றேன். "படிய எண்ணிக்கிட்டா ஏறுவேன்? கைப்புடி சரிவா வந்துக்கிட்டே இருக்கும், சமமா ஆச்சுன்னா படி முடிஞ்சிட்டு. கைப்புடி வச்சியா?" வைக்கவில்லை. மெல்லிசாக வார்த்தால் முறிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். ஐந்து நாள் நான் எண்ணியது எதற்குமே ஆகாத கணக்கு. "சரி, குச்சியும் இருக்கு. நடக்கேன், பாத்துக்கோ" என்று அவள் விரல் புறப்பட்டது.

இரண்டு விரல், ஆள்காட்டியும் நடுவிரலும், இரண்டு கால்போல. வாசலைத் தாண்டி, டிக்கெட் கட்டடத்தின் சுவரோடு உரசிக்கொண்டு, மூலையில் கொஞ்சம் தயங்கி, "இது மூலையா? வளைவா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே திரும்பி, இடது பக்கம் நடந்து, பெஞ்சு, குழாய், படி. ஏறினாள். மேலே நடந்தாள். இறங்கினாள். தப்பே இல்லை. தப்பு வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேனா வரவேண்டாம் என்றா, எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது பிளாட்பாரத்தில் விரல்கள் நடந்து போய், ஓரத்தைத் தேடி முன்னால் ஒரு அடி வைத்து, இன்னொரு அடி வைத்து, நிற்காமல், வழவழவென்று நான் தேய்த்து வைத்த வளைவில் வழுக்கித் தண்டவாளத்தில் போய் விழுந்தன. சத்தமே இல்லை. பெனி விரலை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, பிளாட்பாரம் எங்க முடியுது?" மறுபடி மேலே கொண்டுவந்து நடக்கவிட்டாள், மறுபடி விரல் தண்டவாளத்தில் இறங்கியது. "முடியுத எடமே இல்லியே. நெசத்துல அப்படி இல்ல. நெசத்துல நல்லா வெட்டுன மாதிரி இருக்கும். குச்சி சட்டுனு கீழ போவும், அதுதான் எனக்குத் தெரியணும்." கையைக் கீறக் கூடாது என்று தேய்த்தேன் என்று சொல்ல வாய் வந்தது. விரல் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்த ஸ்டேஷனில்தான் என் மகள் தண்டவாளத்தில் விழுந்தாள், இரண்டு தடவை.

மெழுகுக் கத்தியை எடுத்தேன். முப்பது வருஷக் கத்தி, பிடி என் கட்டைவிரலுக்குக் குழிந்திருக்கிறது. "கைய எடு" என்றேன். பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் கத்தியை நேராக வைத்து அழுத்தினேன். காய்ந்த பிளாஸ்டர், கொஞ்சம் அதிகம் அழுத்தினால் சில்லு தெறித்துவிடும், குறைத்தால் அரக்குமேல் வழுக்கும். அரக்கு சுருள் சுருளாக வந்தது, அதோடு வியாழக்கிழமைப் பெயிண்ட் வந்தது, அதன் கீழே வெள்ளை மாவு தண்டவாளத்தில் உதிர்ந்தது. பெனி தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அதிகம் வெட்டிராத, பிளாட்பாரமே இல்லாமப் போயிரும்" என்றாள். "அந்தப் பக்கம் நிறைய இருக்குட்டீ." இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கோடாக இறக்கினேன். ஓரம் வெள்ளையாக, பச்சையாக, கத்தி போட்ட கத்தரிக்காய்போல நின்றது. ஊதினேன். என் விரலை வைத்துப் பார்த்தேன், கூர்மை விரலில் பதிந்து கோடாகத் தெரிந்தது. அரக்குக் கிண்ணத்தில் பிரஷ் இருந்தது. அவளுக்கு அந்த வாடை தெரிந்திருக்கவேண்டும். "பூசணுமா?" "வேண்டாம்." "ஈரம் குடிக்குமே?" "ரெண்டு நாள் தாங்கும்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

மறுபடி வாசலிலிருந்து. டிக்கெட் கட்டடம், பெஞ்சு, குழாய், படி, மேலே, இறக்கம். இரண்டாவது பிளாட்பாரத்தில் இரண்டு விரலும் நடந்து வருகின்றன. என் வலது கை மடியிலிருந்து கிளம்பிவிட்டது. அவள் மணிக்கட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் அது நிற்பதை நானே அப்போதுதான் பார்க்கிறேன், மாவு படிந்து வெள்ளையாக, விரல் விரிந்து. விரல்கள் ஓரத்தைத் தொட்டன. நின்றன. ஆள்காட்டி விரல் ஓரத்துக்கு வெளியே லேசாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது, இரண்டும் சேர்ந்து கொஞ்சம் பின்னால் போய் நின்றுகொண்டன. அவ்வளவுதான். என் கையைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், அது சும்மா இருக்கவில்லை, இடது கையால் பிடித்துக்கொண்டேன். "அம்மா" என்றாள் அவள். "ம்." "அன்னைக்கும் நான் இப்படித்தான் நின்னேன்." "தெரியும்ட்டீ" என்றேன். "நாந்தான் இழுத்தேன்." தாடைத் தழும்பை அவள் தடவவில்லை, என்னைப் பார்க்கவும் முடியாது, விரல் இரண்டும் வண்டிக்கு நிற்கிறவர்கள் நிற்பதுபோல அங்கேயே நின்றன. மழை சன்னல் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் சிரித்தாள். "வண்டியே செய்யலியா நீ? இம்புட்டு நாளு ஸ்டேஷன மட்டுமா செஞ்ச?" வண்டி செய்யத் தோன்றவேயில்லை. கைக்கு எட்டியதைத் தேடினேன். கத்தி வைக்கிற டப்பாவுக்குள் கடைக்கால சாமானோடு ஒரு பழைய பல் செட் டப்பா கிடந்தது, நீளமாக, மூடியோடு. மூடியைக் கழற்றினேன். தண்டவாளத்தில் கிடந்த வெள்ளை மாவின்மேல் அதை வைத்து மெதுவாக நகர்த்தி, அவள் விரல்களுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினேன். "வண்டி வந்துட்டா?" "வந்துட்டு." ஆள்காட்டி விரல் முதலில் நீண்டு டப்பாவின் விளிம்பைத் தொட்டுப் பார்த்து, இடைவெளியைப் பார்த்து, தாண்டி உள்ளே ஏறியது. அடுத்த விரலும் ஏறிக்கொண்டது. நான் டப்பாவைப் பிடித்தபடியே இருந்தேன். நிஜ வண்டி என்றால் இந்நேரம் ஆறேகால் தாண்டியிருக்கும், ஆறரைகூட ஆகியிருக்கும்.

"தள்ளும்மா" என்றாள், "வண்டி எடுக்கணும்லா."

தள்ளினேன்.